குழாய் டாக்டரின் கட்டுரை

எங்கள் டாக்டர் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். காலைப் பார்த்துத்தான் பேசுவார். கோயில் திருவிழா, கல்யாண வீடு, துக்க வீடு, எங்கே போனாலும் அவர் கண் தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி முதலாளி தன் மகள் கல்யாணத்தில் சம்பந்தியை வரவேற்க இவரை வாசலில் நிறுத்தியிருந்தார். இவர் கும்பிட்ட கையோடு குனிந்து, "உங்க இடது கால் பெருவிரல் நிறம் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்றார். பெரிய மனிதருக்குக் கோபம் வந்து சாப்பிடாமலே போய்விட்டாராம். போனது நான் கேள்விப்பட்டது. மூன்றாம் நாள் அவரே நொண்டிக்கொண்டு வந்து வார்டில் படுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கேட்டதையும் பார்த்ததையும் நான் இப்படிப் பிரித்துச் சொல்வதற்கு அவர்தான் காரணம். அவரிடம் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி வரும். "பாத்தியளா, கேட்டியளா?" நாசரேத்துப் பக்கம் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. சென்னையில் படித்து, வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மற்றப் பேச்செல்லாம் பட்டணத்துப் பேச்சாக மாறியிருந்தது. இந்தக் கேள்வி மட்டும் ஊர்ப் பேச்சிலேயே நின்றுவிட்டது.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலைப் பக்கம் அப்போது இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. இப்போது அந்தக் கட்டடத்தில் கல்யாண மண்டபம் நடக்கிறது. போர்டில் 'இரத்தக்குழாய் அறுவை நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். சனங்கள் அதைச் சுருக்கிக் குழாய் டாக்டர் என்றார்கள். உப்பளத்திலிருந்து ஒரு கங்காணி போன் போட்டு, மோட்டார்க் குழாய் வெடித்துவிட்டது, எப்போது வருவீர்கள் என்று கேட்டான். இவர் சிரிக்காமல், "வலி இருக்கா?" என்று கேட்டார். நர்சுகள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

பீடி குடித்தோ சர்க்கரை வந்தோ காலுக்கு ரத்தம் இறங்குகிற குழாய் அடைத்துப் போனால், விரல் கறுக்கும், பிறகு பாதம் கறுக்கும், பிறகு காலை வெட்டவேண்டும். இவர் வெட்டமாட்டார். அதே ஆளின் தொடையிலிருந்து ஒரு ரத்த நரம்பை உருவி எடுத்து, அடைப்புக்கு மேலேயும் கீழேயும் ஒட்டுப்போட்டு, ரத்தத்துக்கு வேறு பாதை விடுவார். உப்பளத்து ஆட்கள், சங்கு குளித்தவர்கள், லோடுமேன்கள், கடைக்காரர்கள் என்று எத்தனையோ பேர் அவர் கையால் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனார்கள்.

நான் அங்கே வார்டு ஆயா. அதற்கு முன்னால் இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரித்தவள். இருபது வருடம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் என் வார்டுத் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம். தலைமை நர்சுகூட என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவும் இல்லை.

டாக்டருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. கால் நல்லபடியானவன் திரும்பி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். ஒட்டுப்போட்ட குழாய் ஆறு மாதம் கழித்து ஓடுகிறதா, ஒரு வருடம் கழித்து ஓடுகிறதா என்று அவருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால்தான் மருத்துவப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுத முடியும். போன் போட்டுக் கேட்கலாமே என்று நான் சொன்னேன்.

"நம்ம ஊர்ல செத்த வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டாலும் நல்லாயிருக்கோம்னுதான்க்கா சொல்லுவாங்க. தொட்டுப் பாக்கணும். நீங்க போறீங்களா? உங்களைன்னா வீட்டுக்குள்ள விடுவாங்க."

டாக்டர் படிப்புப் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, என்னைக் கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோயாளியின் கட்டில் ஓரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். புறங்காலின் நடுவில், பெருவிரலுக்கு நேர் மேலே ஒரு நாடி உண்டு. மூன்று விரலைச் சேர்த்து மெதுவாக வைக்கவேண்டும். அழுத்தினால் அமுங்கிவிடும். நான் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மரக்கட்டையைத் தொட்டது போல இருந்தது.

"தெரியுதாக்கா?"

பக்கத்தில் இரண்டு நர்சுகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியுது சார்" என்றேன்.

மறுநாள் தரை துடைக்கும்போது அதே நோயாளியின் காலில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு தடவை பார்த்தேன். மூன்று விரலில் தெரியவில்லை. பெருவிரலை வைத்தேன். டக் டக் என்று ஓடியது. எனக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து கைப் பெருவிரலால்தான் பார்த்தேன்.

ஒரு அட்டை கொடுப்பார். மேலே ஆள் பெயர், கீழே கால் படம். நாடி ஓடினால் டிக், ஓடாவிட்டால் பெருக்கல் குறி. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவேன். ஏரலில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. கடையில் நாலு பேர் நிற்கும்போது போய், "அண்ணாச்சி, காலை நீட்டுங்க" என்றேன்.

"ஏளா, யாவாரம் நடக்கையில என்ன காலை நீட்டச் சொல்லுத? ஆளுவ பாக்காவல்லா."

"பாக்கட்டும். குழாய் ஓடுதான்னு நான் பாக்கணும்."

"ஓடலன்னா கடைக்கு எப்படி வந்தேன்? பறந்தா வந்தேன்?" என்று சொல்லிக்கொண்டே உளுந்து மூட்டைமேல் காலைத் தூக்கி வைத்தார். "ஒங்க டாக்டர்ட்ட சொல்லு. காலத் திருப்பிக் கொடுத்தாரு, சந்தோசம். கூட வந்த மூட்டுவலிய அவரே வச்சுக்கிடட்டும்."

பெருவிரலை வைத்தேன். நன்றாக ஓடியது. டிக் போட்டேன். திங்கட்கிழமை அட்டையைக் கொடுத்தால் அதே கேள்வி.

"பாத்தியளா, கேட்டியளா?"

"தொட்டே பாத்தேன் சார்."

அந்த ஒரு பதிலுக்கு அவர் முகம் மலர்ந்துபோகும்.

அந்த அட்டைகளை வைத்துத்தான் அவர் அந்தக் கட்டுரையை எழுதினார். அதற்கு முன்னாலும் நிறைய எழுதியவர். எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்ததாம். சென்னையில் இருந்த அவருடைய கூட்டாளிகள், உப்புக் காற்றில் உட்கார்ந்துகொண்டு என்னத்தை எழுதுகிறாய் என்று கேலி செய்வார்களாம். இந்தக் கட்டுரை அப்படி ஆகவில்லை. இவ்வளவு ஏழைச் சனங்களுக்கு, பெரிய வசதியில்லாத ஊரில், இவர் வைத்த குழாய் இவ்வளவு காலம் அடைக்காமல் ஓடுகிறதா என்று எங்கெங்கேயோ பேச ஆரம்பித்தார்கள்.

காலை ஏழு மணிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறப்பார். நான் அறையைக் கூட்டிக்கொண்டிருப்பேன். "இன்னைக்கு ஒண்ணு கூடியிருக்குக்கா" என்பார்.

"என்ன சார் கூடிருக்கு?"

"நாம எழுதினத வேற ஊர் டாக்டர் ஒருத்தர் நம்பி, தான் எழுதுறதுல நம்ம பேரைச் சொல்லியிருக்கார். இன்னார் இப்படிக் கண்டுபிடிச்சிருக்கார், அதனால நானும் இப்படிச் செஞ்சேன்னு. அந்த மாதிரி எத்தனை பேர் சொல்றாங்கன்னு இது எண்ணிக்கிட்டே இருக்கும்."

"அப்ப ஒரு பேரு சொன்னா ஒரு காலுன்னு வச்சுக்கிடலாமா சார்?"

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "ஒரு கால் இல்லக்கா. அந்தப் பேரை நம்பி எத்தனை காலுன்னு எனக்கே தெரியாது."

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தார். என் பெயர் எது என்று கூப்பிட்டுத் தொட்டுக் காட்டினார். அந்தப் பக்கத்தை என் மகன் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினான். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நான் ஒன்றும் தெரியாதவள் போல இருப்பேன், மருமகள்தான் சொல்வாள். அதே சமயத்தில் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் பேசவும் அழைப்பு வந்திருந்தது. எல்லாம் அந்தக் கட்டுரையால்.

புன்னைக்காயலில் சூசை அண்ணன் என்று ஒருவர். வாலிபத்தில் சங்கு குளித்தவர், பிறகு வலைப்படகில் போனவர். குழாய் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் போயிருந்தபோது, "ஏ தங்கச்சி, பாதம் லேசா மரத்த மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா?" என்று கேட்டார். பெருவிரலை வைத்துப் பார்த்தேன். "நாடி தண்டவாளத்துல ரயில் ஓடுத மாதிரி ஓடுதுண்ணே. அலையாதீங்க" என்று சொல்லி டிக் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் முழங்கால் வரைக்கும் கறுத்துவிட்டது. டாக்டர் காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

அந்தக் கடற்கரையில் வெட்டிய காலைக் குப்பைக்குப் போக விடமாட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கிய உடம்பல்லவா. வெள்ளைத் துணியில் சுற்றி, சின்னப் பெட்டியில் வைத்து, மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, அவர் காலுக்கு உபதேசியார் செபம் சொன்னார். டாக்டரும் வந்திருந்தார். நானும் போனேன். சூசை அண்ணனின் பெண்சாதி, "சார், நீங்களும் ஒரு பிடி மண்ணு போடுங்க. உசுரக் காப்பாத்தினது நீங்கதானே" என்றாள். அவர் குனிந்து மண் போட்டார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "அக்கா, மரத்த மாதிரி இருக்குன்னு இவுக சொன்னப்ப, நல்லா ஓடுதுன்னுல்லா சொன்னீய? அப்ப நெசமாவே ஓடிச்சா?"

டாக்டர் மண் ஒட்டிய கையைத் தட்டாமல் அப்படியே நின்றார். என்னையும் அவர் காரில்தான் கூட்டிவந்தார்.

மறுநாள் காலை என்னை அறைக்குக் கூப்பிட்டார். பேண்டை மடித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அக்கா, என் கால்ல நாடி பாருங்க."

பெருவிரலை வைத்தேன். "ஓடுது சார்."

அவர் பம்பை அமுக்கிக் காற்று ஏற்றினார். பட்டை உப்பி இறுகியது. "இப்ப?"

"ஓடுது சார்."

இன்னும் ஏற்றினார். பாதம் வெளிறிப் போய்விட்டது. வலியில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "இப்பக்கா?"

"இப்பவும் நல்லாத்தான் ஓடுது சார்."

காற்றை விட்டார். பிறகு என் கையை எடுத்து, கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். "ஊசியால குத்தினேன், தெரிஞ்சுதா?" என்று கேட்டார். குத்தினாரா என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். மூன்று விரல் நுனியிலும் ரத்தம் பொட்டு வைத்தது போல நின்றது.

"எத்தனை வருசமாக்கா?"

"எறா கம்பெனியில இருந்தே சார்."

"பெருவிரல்ல துடிக்கிறது உங்க ரத்தம்க்கா. பெருவிரலை வச்சா யார் கால்லயும் ஓடும். சுவத்துல வச்சாலும் ஓடும்." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், மனது ஆறியிருக்கும். "மூணு விரலுன்னு சொன்னேன். பெருவிரல் ஏன் கூடாதுன்னு சொல்லல. உங்க கையை ஒரு தடவை பாக்கவும் இல்ல. எல்லார் காலையும் பாத்தேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கே வீட்டில் அந்தக் கண்ணாடிப் படத்தைக் கழற்றினேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் வீடு தேடி வந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் சின்ன ரேடியோப் பெட்டி மாதிரி ஒன்று. மருமகளிடம், "நான் இல்லன்னு சொல்லு" என்றேன்.

"அத்தை வெளிய போயிருக்காவ சார்" என்று அவள் சொன்னாள்.

"அக்கா வந்தா சொல்லுங்க. இது காதால கேக்குற மிஷின். விரலே வேண்டாம். நாடி ஓடினா இரையும், ஓடலன்னா சத்தம் இருக்காது. எல்லாரையும் முதல்ல இருந்து பாக்கணும். அக்கா இல்லாம ஒரு வீட்டுலயும் என்கிட்ட நிஜம் சொல்ல மாட்டாங்க. மரியாதைக்கு நல்லாயிருக்கேன்னு சொல்லிருவாங்க."

என் செருப்பு வாசலில்தான் கிடந்தது. தரையைப் பார்த்தே நடக்கிற மனிதர், பார்க்காமல் இருந்திருக்கமாட்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அவரைப் பிறகு நான் உயிரோடு பார்க்கவில்லை. நாலு வருடம் கழித்து நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று சொன்னார்கள். நாசரேத்துக்குப் போனேன். பெட்டியில் கிடத்தி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் காலில் நான் கை வைத்திருக்கிறேன். கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

எனக்கும் இப்போது சர்க்கரை. காலைக் காட்ட ஒரு டாக்டரம்மாவிடம் போகிறேன். குழாய் டாக்டரிடம் வேலை பழகிய பெண்தான். அந்த நாளிலேயே என்னைத் தெரியும். மீதியெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று நான் எழுந்து வந்ததும், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தப் பத்திரிகைக்கு அவரே எழுதிவிட்டாராம். ஆஸ்பத்திரி முதலாளி, "ஒரு ஆயா கை மரத்துப்போனது யாருக்குத் தெரியும், சும்மா இருங்க டாக்டர்" என்றிருக்கிறார். கேட்கவில்லை. அப்படியானால் அந்த ஆயா பொய் சொன்னாள் என்று எழுதுங்கள், உங்கள் பெயராவது தப்பும் என்றிருக்கிறார். அதையும் கேட்கவில்லை. ஆள் கையைச் சோதிக்காமல் அனுப்பியது என் தவறு என்று மட்டும் எழுதினாராம். சென்னை வேலை போனது. வெளிநாட்டுக் கூட்டமும் போனது. ஞாயிறு தவறாமல் தனியாகப் பஸ் ஏறி, ஊர் ஊராகப் போய், அந்தப் பெட்டியை வைத்து எல்லாக் காலையும் முதலிலிருந்து பார்த்தாராம். சில வீட்டில் உள்ளே விடவில்லை. "அந்த அக்கா எங்கே?" என்று கேட்டார்களாம். பார்க்க முடிந்தவரைக்கும் பார்த்து, நிஜமான கணக்கைப் புதிதாக ஒரு கட்டுரையாக எழுதிப் போட்டாராம். குழாய் நிறையப் பேருக்கு ஓடவில்லை என்று.

"அப்ப சரியாயிட்டுல்லாம்மா?" என்று கேட்டேன்.

அவள் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். பழைய கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே சிவப்பு எழுத்து. திரும்பப் பெறப்பட்டது என்று அர்த்தமாம். "ஆனா இதை இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்கம்மா. மூலத்தைத் திறந்து பாக்குறதில்ல. முன்னாடி ஒருத்தர் எழுதினதைப் பாத்து அடுத்தவர் எழுதிடுறாங்க. தப்பான கட்டுரைக்கு எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. சரியா எழுதினாரே, அதை ஒருத்தரும் சொல்லல."

கடைசிவரை அவர் ஏழு மணிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறப்பாராம். ஒன்று கூடியிருந்தால் தலையில் கை வைத்துக்கொள்வாராம். உடனே அந்த ஆளுக்கு, அதை நம்பாதீர்கள், அது பிழை என்று கடிதம் எழுதுவாராம். ஒவ்வொருவருக்கும். பதில் போட்டவர்கள் குறைவு.

"அவரு போனப்புறம் யாரு எழுதுதா?"

"யாரும் எழுதலம்மா."

வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள். எல்லாரையும் பார்த்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆள் போனதும் உள்ளே போனேன்.

"அந்தப் பழைய கட்டுரையக் கடைசியா சொன்னவருக்கு ஒரு கடுதாசி எழுதணும். நான் சொல்லுதேன், நீ இங்கிலீசுல போடு. 'நாடி பார்த்த ஆயா நான்தான். எனக்கு விரல் மரத்துப் போனது. டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன். அந்தக் கால்களில் நான் பார்த்தது என் கைநாடி. அதை நம்பி யாருக்கும் ஒன்றும் செய்யவேண்டாம். புன்னைக்காயலில் ஒருவருக்குக் கால் போய்விட்டது. டாக்டர் இரண்டாவதாக எழுதியதை வாசிக்கவும்.' அவ்வளவுதான். கீழ என் பேரைப் போடு."

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க பேரு வேண்டாம்மா. சாரே உங்க மேல பழி சொல்லலியே."

"அவரு சொல்லலங்கதுக்காகத்தான் போடச் சொல்லுதேன்."

போட்டாள். அனுப்பியும் விட்டாள். பதில் வரவில்லை. போன மாதம் காலைக் காட்டப் போனபோது கேட்டேன். இன்னும் இரண்டு கூடியிருக்கிறது என்றாள். எந்த ஊர் என்றேன். சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. அந்த இரண்டு பேருக்கும் எழுதி முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை. பிறகுதான் பஸ் ஏறினேன்.